ஒதிலியாம்மாவின் பன்னிரண்டு நிமிஷம்

கதவை அவள் திறந்திருக்கவே கூடாது.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் தெற்குத் தெருக்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது மாலையும் ஊர்வலம் வரும். ஏசு பிறக்குமுன் சூசையும் மரியாளும் தங்க இடம் கேட்டு அலைந்த கதைதான். வெளியே நிற்பவர்கள் பாட்டுப் பாடி இடம் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பாட்டுப் பாடியே துரத்துவார்கள். இரண்டு வீடு துரத்திய பிறகு மூன்றாவது வீடுதான் திறக்கும். மெக்ஸிகோவிலிருந்து வந்து இந்த ஊர் தோல் ஆலையில் கை கறுத்துப்போன முதல் ஆட்கள் காலத்திலிருந்து இந்த வரிசையை யாரும் மாற்றியதில்லை. அராசெலி மாற்றினாள்.

அவள் அங்கே வந்தது வேறு வேலையாக. இருபத்தொன்பது வயது, நகர நூலகத்தில் உத்தியோகம். தெற்குத் தெருக்களை உண்டாக்கிய பெரியவர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்வது அவள் பொறுப்பு. அன்று மாலை ஒரு விதவையம்மாவின் கதையைப் பதிவு செய்து முடித்த நேரம், வாசலில் கிதார் சத்தம். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோது, வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடி போட்டுப் பாட்டைப் படிக்காமல் அவளுக்குத் துரத்த வராதாம்.

வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஆண் குரல் குளிரில் நடுங்கிக்கொண்டே, ஒரு மூலை கொடுத்தால் போதும் என்று கெஞ்சிப் பாடியது. அராசெலிக்கு மனது கேட்கவில்லை. திறந்துவிட்டாள்...

பாட்டு அப்படியே நின்றது. நாற்பது பேர் குடைகளுக்கு அடியிலிருந்து அவளையே பார்த்தார்கள். முன்னால் பஞ்சுத் தாடி ஒட்டிய சூசை. பக்கத்தில் மரியாள்... ரொட்டிக்கடைக்கார அம்மாள், ஐம்பது வயது, நீலப் போர்வைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சூசையின் தாடியில் பாதி மழையில் நனைந்து தொங்கியது. ஆனால் அந்தக் கண்கள்... சிரிப்பை அடக்க முடியாமல் படாதபாடு பட்ட அந்தக் கண்கள்! அவற்றைப் பார்த்த பிறகு அராசெலிக்குக் கதவு ஞாபகமே இல்லை.

"மூடுங்க," என்றான் சூசை, உதடு அசையாமல். "இன்னும் மூணு பாட்டு இருக்கு. நீங்க எங்களைத் திட்டித் துரத்தணும்."

"இந்த மழையில நிக்கிறவங்கள எப்படிங்க துரத்துறது? உள்ள வாங்க."

"உள்ள வந்தா அடுத்த வீட்ல நாற்பது பேருக்கு வேகுதே, அதை யார் சாப்பிடுறது?"

"யாராவது ஒருத்தர் சீக்கிரம் முடிவு பண்ணுங்கப்பா," என்றாள் ஐம்பது வயது மரியாள். "எனக்குக் கால் விறைக்குது."

தெருவே சிரித்தது. அராசெலி கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். காது வரை சூடேறிவிட்டது அவளுக்கு.

மூன்றாவது வீட்டில் அவன் தாடியைக் கழற்றிவிட்டு அவளைத் தேடிக்கொண்டு வந்தான், கொய்யாவும் கரும்பும் போட்டுக் காய்ச்சிய சாறு இரண்டு கோப்பையோடு. பெயர் தாமியான். வீடு வீடாகப் போய் டைல்ஸ் ஒட்டுகிறவன். இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாத பெண் எந்த ஊர் என்று கேட்டான். இதே ஊர்தான், மேற்குப் பக்கம், அப்பா அங்கே டயர் கடை வைத்திருக்கிறார் என்றாள் அவள். தெற்குத் தெரு என்றாலே அப்பாவுக்குப் பிடிக்காது, எந்த ஊர்வலத்துக்கும் பிள்ளைகளை அனுப்பியதில்லை என்றும் சொன்னாள். ஏன் பிடிக்காது என்று அவன் கேட்டான். இருபத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை. செல்லப் பெண்களுக்கு அப்பாவைப் பற்றிக் கேள்வி எழுவது தாமதமாகத்தான்.

ஜனவரியில் ஏரிக் காற்று ஆளை அறுத்தது. பஸ்ஸுக்குக் காத்து நின்றவளைத் தாமியான் ஒருநாள் தன் வேனில் ஏற்றிக்கொண்டான். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் ஒரு வீட்டில் உட்கார்ந்து பெரியவர்களிடம் கதை கேட்பாள். கூரையில்லாத ஒரு கொட்டகையில் முதல் ஸ்பானியப் பூசை நடந்தது, ஆலைக்காரர்கள் சேர்ந்து மருத்துவமனைக்கு மொழிபெயர்க்க ஆள் கேட்டுப் பனியில் நின்றது, பந்து விளையாட இடம் கேட்டு நகரசபையில் சண்டை போட்டது... அவன் வேலை முடித்து, முழங்காலெல்லாம் சிமெண்டோடு, வேனை வாசலில் நிறுத்திக் காத்திருப்பான்.

"எல்லாருடைய கதையையும் கேக்குற," என்றான் ஒருநாள். "என் கதையை எப்ப கேப்ப?"

"உனக்கு எழுபது வயசு ஆகட்டும்."

"அது வரைக்கும் பக்கத்துலயே இருப்பியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்த தன் முகம் சிரிப்பதைப் பார்த்து அவளுக்கே கோபம் வந்தது... என்ன வெட்கங்கெட்ட முகம்!

அவன் கதை அப்படி ஒன்றும் இனிப்பானது இல்லை. அவன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது ஆலையில் போலீஸ் புகுந்து, இந்த நாட்டில் தங்கக் காகிதம் இல்லாதவர்களைப் பிடித்து எல்லைக்கு அப்பால் அனுப்பியது. அதில் அவன் அப்பாவும் ஒருவர். பிரசவத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று பாலைவனம் வழியாக நடந்து வந்தவர் வழியிலேயே தண்ணீர் இல்லாமல் இறந்துபோனார். பிள்ளை முகத்தை அப்பா பார்க்கவில்லை, அப்பா முகத்தைப் பிள்ளை பார்க்கவில்லை. இதற்கு மேல் அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை, கேட்டால் எழுந்து போய்விடுவாள் என்றான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் மீன் பொரித்துப் போடுவார்கள். ஊரே வரிசையில் நிற்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, கையில் தட்டோடு, முன்னாலும் பின்னாலும் ஆட்கள் இடித்துக்கொண்டு நிற்க, தாமியான் சாதாரணமாகச் சொன்னான்:

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, அராசெலி. கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி பிடிச்சிருக்கு."

"மீன் ஆறிடும்," என்றாள் அவள்.

பதில் தெரியாமல் அல்ல. பதில் தொண்டை வரை வந்து நின்றது. ஒரு வாரம் தவிக்கட்டுமே என்று ஒரு சின்னக் கர்வம். வாழ்க்கையில் எல்லா வாரமும் நம் கையில்தான் இருக்கிறது என்ற நினைப்பு...

அந்த ஒரு வாரத்துக்குள்தான் அவன் அம்மா பேச ஒப்புக்கொண்டாள்.

ஒதிலியாம்மா சமையலறையில் வைத்துத்தான் பேசுவேன் என்றாள். மகன் வேலைக்குப் போயிருந்தான். அடுப்பில் வெல்லப்பாகு காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த ரொட்டித் துண்டுகளை அதில் ஊறப்போட்டு, திராட்சையும் பட்டையும் சேர்த்துச் செய்கிற தவக்கால இனிப்பு. அராசெலி பதிவுக் கருவியை மேசையில் வைத்து இயக்கினாள். முதல் கேள்வியை அந்த அம்மாள்தான் கேட்டாள்.

"உங்க அப்பா பேர் என்ன கண்ணு?"

"எலேயாசர். மேற்குப் பக்கம் டயர் கடை..."

கரண்டி நின்றது. பிறகு மெதுவாக மறுபடி சுற்ற ஆரம்பித்தது. ஒதிலியாம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசினாள். பதினெட்டு வயதில் புருஷனோடு வந்து இறங்கியது, தோல் ஆலையில் நாற்றம் தாங்காமல் முதல் வாரம் முழுக்கச் சோறு இறங்காதது, தெருப் பெண்கள் ஒன்றுகூடிப் பிள்ளைகளுக்கு மாறி மாறி காவல் இருந்தது... நடுநடுவே சிரித்தாள். இறந்த புருஷன் விசிலடிப்பதைப் போல விசிலடித்துக் காட்டினாள். அராசெலி இதுவரை பதிவு செய்த குரல்களிலேயே அழகான குரல்.

அதற்குப் பிறகு, அதே குரலில், முதல் குழந்தையைப் பற்றி ஆரம்பித்தாள். ஆறு மாசத்தில் போய்விட்ட குழந்தை. ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக அதை ஏந்தி நின்றவன் ஆலையின் மேஸ்திரி. அந்த நாளிலிருந்து அவன் குடும்பத்துக்குக் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவனுக்கும் மேலான உறவு அது. குழந்தை போனாலும் உறவு போகாது. கொம்பாத்ரேயைச் சபிக்கக் கூடாது, ஊரில் காட்டிக்கொடுக்கக் கூடாது, வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பக் கூடாது.

"ஒரு நாள் அவனுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். மேசையில பேர் எழுதிக்கிட்டிருந்தான். கூடுதல் வேலைக்கு ஆள் குறிக்கிறேன்னான். மூணாம் நாள் போலீஸ் வந்துச்சு. அதே காகிதம், அதே வரிசை, கையில வச்சுப் படிச்சாங்க. முதல் பேர் என் புருஷன். என் பேரை மட்டும் விட்டிருந்தான்... கொம்பாத்ரேங்கிற மரியாதை. அந்த மாசமே அவனுக்கு இங்க தங்கக் காகிதம் வந்துச்சு. முப்பது வருஷமா யார் கிட்டயும் சொல்லல. அவன் பேரைச் சொல்லட்டுமா கண்ணு?"

சொன்னாள்.

அராசெலி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கருவியை நிறுத்தவில்லை, எதையும் எடுக்கவில்லை. பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே ஒதிலியாம்மாவின் குரல் தொடர்ந்து கேட்டது. அடுப்போசையில் வார்த்தை புரியவில்லை. அப்பாவின் பேர் மட்டும் காதுக்குள் திரும்பத் திரும்ப ஒலித்தது.

அவள் திரும்பி வந்தபோது அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் இனிப்பை எடுத்து வைத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. மகனுக்கு இதை நான் உயிரோடு இருக்கும் வரை சொல்ல மாட்டேன், சொன்னால் அவன் வேறு எதற்கும் ஆகாதவனாகிவிடுவான் என்றாள். தான் போன பிறகு அவன் இதைத் தன் குரலிலேயே கேட்க வேண்டுமாம். அது வரை பத்திரமாக வைத்திரு, மெஷினை நிறுத்து, சாப்பிடு என்றாள். அராசெலி சாப்பிட்டாள். எப்படி இறங்கியது என்று அவளுக்கு இன்று வரை தெரியாது.

அன்று மாலை டயர் கடையில் அப்பாவிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்தபடி, அம்மா உன்னை வயிற்றில் வைத்திருந்தாள், காகிதம் இல்லாத பிள்ளையாக நீ பிறக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றார். இந்த நாட்டில் பிறந்தாலே பிள்ளைக்குக் காகிதம் உண்டு என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தன் பயத்துக்கு மகள் பேரை வைத்துவிட்டார், அவ்வளவுதான். அன்றைக்கு வந்த வெறுப்பு அவளுக்கு அப்பா மேல் மட்டும் வரவில்லை. அந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்த தன் உடம்பு மேலேயே வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் வாரத்துப் பதிவுகளை நூலகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஏற்றாமல் ஒளித்து வைத்தாலும் என்றாவது ஒருநாள் தாமியான் கேட்டே தீருவான். ஒரு பேரை மட்டும் வெட்டி எடுக்க அவளுக்குத் தெரியும். ஆனால் வெட்ட வேண்டுமென்றால் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஈஸ்டர் முடியட்டும், மறுபடி போகலாம், பேரை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லச் சொல்லலாம், கெஞ்சினால் அந்த அம்மாள் இரங்குவாள்... இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முழுவதையும் அழித்தாள். ஒரு பொத்தான். ஒரு நொடி. தாமியானை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் செய்தாள். காதலுக்காகச் செய்ததாகச் சொல்லிக்கொண்டால் எந்தக் காரியத்துக்கும் பாதி வெட்கம் குறைந்துவிடுகிறது.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை ஒதிலியாம்மா இறந்துபோனாள். மாரடைப்பு. மறுவாரம் பதிவுக்கு நாள் குறித்திருந்தது.

ஒன்பது நாளும் வீட்டில் செபம் நடந்தது. அராசெலி ஒன்பது நாளும் போனாள், கூட்டத்துக்குக் காப்பி ஊற்றினாள், பாத்திரம் கழுவினாள். தெருப் பெண்கள் அவளை மருமகளாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.  ஒருமுறை தாமியான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து நின்று, ஈரமாக இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் ஓவென்று அழுதுவிட்டாள். எல்லோரும் துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழையில் நனைந்தபடி அவன் நூலகத்துக்கே வந்தான். இரண்டு காப்பி வாங்கி வந்திருந்தான். சட்டை துவைத்துத் தேய்த்த சட்டை. பதிவு அறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அம்மா போறதுக்கு முந்தின நாள் சொன்னாங்க. அந்தப் பொண்ணு மெஷின்ல உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு வச்சிருக்கேன், நான் போனதும் சேர்ந்து உக்காந்து கேளுங்கன்னு. ஏதோ விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்... போடு, கேக்கலாம்."

ரெண்டு பேருக்கும். 

அவள் மெஷினைத் தொடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவனே சிரிக்க முயன்றான். "என்ன, மெஷின் கெட்டுப்போச்சா? கெட்டுப்போனா போகட்டும் விடு... உன் தப்பா அது? மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க?"

தப்பிக்க இதைவிட நல்ல வழி யார் கொடுப்பார்கள்? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நம்புவான். ஆறு மாசத்தில் கல்யாணம். அப்பா வாயைத் திறக்க மாட்டார். திறக்கக்கூடியவள் மண்ணுக்குள் இருக்கிறாள். வாழ்நாள் முழுக்க அவன் பக்கத்தில் படுத்து எழலாம்... பொய்யின் மேல். அவள் அப்பா முப்பது வருஷம் படுத்து எழுந்ததைப் போல.

"கெட்டுப் போகல," என்றாள். "நான் அழிச்சேன்."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மேசையில் எழுதிய பேர்கள், முதல் பேர், விட்ட பேர், மேஸ்திரியின் பேர். அந்த மேஸ்திரி யார் என்பது. படியில் போய் உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை.  காப்பிக் கோப்பையைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. 

"உங்க அப்பா," என்றான் கடைசியில். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்குத்தான். அதுக்கு முன்னாடி சத்தியமா தெரியாது."

"அப்ப அது உன் தப்பு இல்ல." அதை அவன் நிஜமாகவே சொன்னான். தனக்கே ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வதைப் போல. "நீ படியில போய் உக்காந்த பிறகு அம்மா பேசினாங்கன்னியே. எவ்வளவு நேரம்?"

"பன்னிரண்டு நிமிஷம். மெஷின்ல நேரம் ஓடும்."

"என்ன சொன்னாங்க?"

"தெரியல."

"அழிக்கிறதுக்கு முன்னாடி கேக்கலையா?"

"இல்ல... பயமா இருந்துச்சு."

அவன் தலை குனிந்தான். அவன் தோள்கள் குலுங்குவதை அவள் முதல் முறையாகப் பார்த்தாள். ஒன்பது நாள் செபத்தில் அழாத ஆள்.  அது வரைக்கும் கேட்டது எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேன், அம்மா விசிலடித்ததைக்கூட... என்று அவசரமாக ஆரம்பித்தாள்.

"வேண்டாம்," என்றான் அவன். "உன் குரல்ல வேண்டாம், அராசெலி."

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். காப்பி இரண்டும் ஆறிப்போயிருந்தது. இனி மறைக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. மீன் வரிசையில் கர்வத்தோடு விழுங்கிய வார்த்தையை, சொல்லவே கூடாத நேரத்தில், அவனிடம் சொன்னாள்.

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, தாமியான். அந்த முதல் நாளே பிடிச்சுப்போச்சு. அதனாலதான் அழிச்சேன். மன்னிக்கச் சொல்லல... தெரிஞ்சுக்கோன்னு சொல்றேன்."

அவன் நின்றான். அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன, இம்முறை சிரிப்பு இல்லாமல்.

"எனக்குத் தெரியும்," என்றான். "அம்மாவுக்கும் தெரியும். உன் அப்பா யாருன்னு தெரிஞ்ச பிறகும் ரெண்டு பேரும் சேர்ந்து கேளுங்கன்னு சொன்னாங்களே... இந்தப் பொண்ணை விட்டுடாதடான்னு அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்களோ என்னவோ. அதை ஒரு தடவை அவங்க வாயால கேட்டிருந்தா, உங்க அப்பாவையும் சேர்த்துத் தாங்கியிருப்பேன்."

மழை விட்டபாடில்லை. அவன் அதிலேயே இறங்கி நடந்தான். நூலகத்து ஜன்னலிலிருந்து வேன் கிளம்பும் வரை அராசெலி பார்த்துக்கொண்டு நின்றாள். அது கிளம்ப வெகுநேரம் ஆயிற்று. அவள் கீழே போகவில்லை. கொண்டுபோக அவளிடம் எந்த வார்த்தையும் இல்லை. இருந்த ஒன்றையும் சொல்லியாகிவிட்டது.